விடயம்: மனக்கவலை

கண்டக்குழியில் அடுத்தவர் காதுக்கு எட்டாமல் ஒரு விஷயம் பேச வேண்டுமென்றால் வள்ளம் ஏறித்தான் போக வேண்டும். அங்கே இயந்திரச் சத்தத்தில், பேசுகிறவருக்கே தான் பேசுவது கேட்காது. கரையில் அதற்கு வழியே இல்லை. கிடுகு வேலிக்கு இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து "யர்ஹமுகல்லாஹ்" என்று பதில் வரும். என் முழங்கால் வலி எனக்கே சரியாகப் பிடிபடுவதற்கு முன்னர் தேத்தண்ணிக் கடையில் அதற்கு எண்ணெய் சிபாரிசாகிவிட்டது. எந்த எண்ணெய் என்பதில்தான் கருத்து வேறுபாடு.

இப்பேர்ப்பட்ட ஊரில் குடும்பஸ்தன் ஒருவனுக்கு மனக்கவலை வந்தால் அவன் எங்கே போவான்? கற்பிட்டி பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைப் பார்க்கப் போகலாம்தான். ஆனால் பஸ்ஸில் ஏறிய உடனேயே "எங்க காக்கா, பென்ஷன் அலுவலா?" என்று நாலு பேர் கேட்பார்கள். இல்லையென்று சொன்னால் வேறென்ன அலுவல் என்று கேட்பார்கள். பஸ் பள்ளிவாசலடியைத் தாண்டும்போது என் கவலை முழு பஸ்ஸுக்கும் பொதுவாகியிருக்கும்.

கவலை என்னவென்றும் சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வுபெற்ற பாடசாலை எழுதுவினைஞர். பதவியில் இருந்தபோது அதிபரே என்னிடம் கேட்டுத்தான் கையொப்பம் வைப்பார். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்து பார்த்தால், அங்கே நிர்வாகம் ஏற்கனவே சீராக நடந்துகொண்டிருந்தது. மே மாதம் தொடங்கி ஒக்டோபர் வரை கச்சான் காற்றுக்கும், டிசம்பர் தொடக்கம் மார்ச் வரை மற்றக் காற்றுக்கும் எங்கள் களப்பில் பட்டத்தைப் பிடித்தபடி தண்ணீரில் சறுக்கும் கைட் ஓட வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள். முன் அறையை என் மனைவி அவர்களுக்கு வாடகைக்கு விட்டாள். பிறகு இன்னொரு அறை. பிறகு விறாந்தை. விறாந்தையில் என் சாய்மனைக் கதிரை கிடந்தது. ஒரு நாள் நான் கடைக்குப் போய் வருவதற்குள் அது பின்வளவில் தென்னைக்கடியில் போய்க் கிடந்தது. தேங்காய் விழக்கூடிய இடம் என்று நான் சுட்டிக்காட்டியபோது, "விழுந்தா எடுத்துக் குசினிக்குள்ள வைங்க" என்று பதில் வந்தது.

அந்த அறைகளின் வருமானம் என் பென்ஷனைக் கடந்து வெகுகாலமாகிறது. கணக்குக் கொப்பியை நானே எழுதுவதால் இதில் எனக்குச் சந்தேகமில்லை.

கொழும்பில் வேலை செய்யும் மகள் நிலைமையைக் கண்டுபிடித்தாள். "வாப்பா, நீங்க ஆரோடயாவது பேசணும்" என்றாள். பேசுவதற்கு ஊரே இருக்கிறதே என்றேன். "ஊரில்லாத ஆளோட" என்றாள். வட்ஸ்அப்பில் எழுத்து மூலம் உளவளத்துணை தரும் சேவை ஒன்றில் என்னைப் பதிந்து, காசும் கட்டி, "இனி நீங்க எழுதுங்க, அவங்க பதில் போடுவாங்க, ஒருத்தருக்கும் தெரியாது" என்று சொல்லி வைத்துவிட்டாள். சேவையின் பெயர் இங்கே வேண்டாம். அவர்கள்மேல் குறையொன்றுமில்லை, ஆனால் என் கோவையை வாசித்த பிறகு அவர்களுக்கு என்மேல் இருக்கலாம்.

முகம் தெரியாதவருக்கு எழுதிக் கவலை தீர்ப்பது ஏதோ நேற்றைய புதுமை என்று நினைத்துவிடாதீர்கள். 1691 இல் இலண்டனில் ஜோன் டன்டன் என்ற புத்தக வியாபாரி, பெயர் போடாமல் யாரும் கேள்வி எழுதி அனுப்பலாம் என்று ‘அதீனியன் மெர்க்குரி’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அவருக்கு மனைவிக்குத் தெரியாத ஒரு தொடர்பு இருந்ததாகவும், பெயரைக் காட்டாமல் அதற்கு யோசனை கேட்பது எப்படி என்று தலையைப் பிய்த்துக்கொண்டபோதுதான் இந்த எண்ணம் உதித்ததாகவும் ஒரு கதை உண்டு. அந்த மனுசன் கண்டக்குழியில் இருந்திருந்தால் பத்திரிகைக்குத் தேவையே வந்திராது. மனைவிக்கு முதல் நாளே தெரிந்திருக்கும்.

அதே இலண்டனில் 1953 இல் சாட் வரா என்ற பாதிரியார் தன் தேவாலயத்துத் தொலைபேசியை, மனமொடிந்தவர்கள் பேசுவதற்கென்று திறந்துவிட்டார். சமரிட்டன்ஸ் இயக்கம் பிறந்தது அப்படித்தான். 1994 இல் அவர்கள் மின்னஞ்சலிலும் பதில் எழுதத் தொடங்கினார்கள். எழுதுகிற தொண்டர் யாராக இருந்தாலும் பெயர் ‘ஜோ’தான். ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும். நம் நாட்டில் அதே வழியில் ஜோன் டி மெல் அம்மையார் 1974 இல் சுமித்ரயோவைத் தொடங்கினார். அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். மகள் அதையும் என் தொலைபேசியில் போட்டுத் தந்திருக்கிறாள். ஆனால் அழைப்பதென்றால் வாய் திறந்து பேச வேண்டும். வாய் திறந்தால் வேலி கேட்கும்.

பக்கத்து வாடியில் இருக்கும் என் கூட்டாளி கத்தோலிக்கர். அவரிடம் மட்டும் விஷயத்தை மெல்லச் சொன்னேன். "எங்களுக்குத் தலவில கோயில்ல பாவசங்கீர்த்தனம் இருக்கு. தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார், இந்தப் பக்கம் நாங்க. சொன்னது வெளிய போகாது. உங்கட ஆளுக்கும் தட்டி இருக்கா?" என்றார். வட்ஸ்அப் இருக்கிறது என்றேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

வெள்ளைக்காரர்கள் படம் பார்த்து முடித்து வைஃபை எனக்கு விடுதலையான ஓர் இரவில் என் முதலாவது மடலை எழுதினேன். ஒரு வாழ்நாள் பழக்கம் விரலில் இருக்கும் அல்லவா?

"மதிப்புக்குரிய ஐயா/அம்மணி, விடயம்: மனக்கவலை தொடர்பானது. மேற்படி விடயம் தொடர்பில் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது யாதெனில், எனது வீட்டு விறாந்தையின் தென்மேற்கு மூலையில் நீண்டகாலமாக இடப்பட்டிருந்த சாய்மனைக் கதிரையானது, எனது எழுத்துமூலச் சம்மதம் பெறப்படாமல் பின்வளவுக்கு இடமாற்றம் செய்யப்பட்டுள்ளது. இது குறித்துத் தாங்கள் ஆவன செய்வீர்கள் என எதிர்பார்க்கின்றேன். இங்ஙனம், உண்மையுள்ள."

பிரதி யாருக்கு என்று போடுவதா வேண்டாமா என்பதில்தான் கொஞ்சம் தடுமாறினேன்.

மறுநாள் பதில் வந்தது. "எழுதியதற்கு நன்றி. இதை எழுதுவது உங்களுக்கு இலகுவாக இருந்திருக்காது. கதிரையை மாற்றியபோது உங்களுக்கு எப்படி இருந்தது?"

"கதிரை நன்னிலையில் உள்ளது" என்று பதில் போட்டேன்.

"கதிரை அல்ல, நீங்கள்" என்று வந்தது.

முப்பத்திரண்டு பல்லும் விழுந்த பிறகுதான் இப்படியொரு கேள்வியை ஒருவர் என்னிடம் கேட்க வேண்டுமென்று விதி இருந்திருக்கிறது. சுற்றுநிருபங்களிலோ தாபன விதிக்கோவையிலோ இதற்கு முன்மாதிரி கிடையாது. யோசித்துவிட்டு, "திருப்தியற்ற நிலை காணப்படுகிறது" என்று எழுதினேன். அந்த உணர்வு உடம்பில் எங்கே இருக்கிறது என்று அடுத்த கேள்வி. முழங்காலில் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

சில நாட்களில் எனக்குச் சந்தேகம் தட்டியது. நான் எதைச் சொன்னாலும் அதே சொல்லைத் திருப்பிப் போட்டுக் கேள்வியாக்கி அனுப்புகிறாரே, அந்தப் பக்கம் இருப்பது மனுசனா, மெஷினா? இந்தச் சந்தேகத்துக்கும் வயசாகிவிட்டது. 1966 இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம், எலைசா என்றொரு கணினி நிரலைப் பற்றி எழுதினார். நீங்கள் "எனக்குக் கவலையாக இருக்கிறது" என்று தட்டினால், "உங்களுக்கு ஏன் கவலையாக இருக்கிறது?" என்று அது திருப்பிக் கேட்கும். அதற்கு ஒரு மண்ணும் விளங்காது. ‘எனக்கு’ என்பதை ‘உங்களுக்கு’ ஆக்கத் தெரியும், அவ்வளவுதான். அது உருவாகும்போது கூடவே இருந்து பார்த்த வைசன்பாமின் காரியதரிசியே அதனோடு பேசத் தொடங்கிச் சற்று நேரத்தில், "நீங்கள் கொஞ்சம் வெளியே போகிறீர்களா?" என்று அவரைக் கேட்டாராம். எனக்கு அந்த அம்மாவைப் புரிகிறது. கேட்பதற்கு ஓர் ஆள் கிடைத்தால் அது ஆளா என்று யார் பார்ப்பார்கள்? என் வீட்டில் முறை வேறு. அங்கே கேள்வி கிடையாது, தீர்ப்பு மட்டும்தான்.

மெஷினைச் சோதிக்க நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். "சூரைக் கருவாட்டு ஆணத்துக்குத் தேங்காய்ப் பால் விடலாமா?" என்று எழுதினேன். கொஞ்ச நேரம் ‘எழுதுகிறார்’ என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. பிறகு பதில் வந்தது: "எங்கட அம்மா விடமாட்டா. சரி, நாங்கள் உங்கள் கதிரைக்குத் திரும்புவோமா?"

மனுசப் பிறவிதான் என்று மனம் ஆறியது. பால் விடாத வீட்டுப் பிள்ளை என்பதுதான் சிறு ஏமாற்றம்.

அதன் பிறகு என் எழுத்துக் கொஞ்சம் இளகியது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. ‘மேற்படி’ போடாமல், முதன்முதலாக ‘எனக்கு’ என்று தொடங்கி நாலு வரி எழுதிவிட்டேன். ஓய்வு பெற்ற நாளிலிருந்து வீட்டில் ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை, உப்புக் காணுமா என்றுகூட, என்று எழுதி அனுப்பினேன். அந்தப் பக்கம் ‘எழுதுகிறார்’ என்று வந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. நாடு முழுவதும் போனது. பாணந்துறை துணை மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்துவிட்டதாக அமைச்சரே சொன்னார். 900 மெகாவாட் நுரைச்சோலை அனல்மின் நிலையம் எங்களுக்குப் பக்கத்தில்தான் புகைந்துகொண்டிருக்கிறது, அதுவும் நின்றது. அதை மீளச் சரிசெய்யும்வரை அடுத்த நாட்களிலும் மின்வெட்டு இருந்தது. ஒரு மனிதன் ஆயுளில் முதல்தடவையாக மனம் திறக்கிறான், அதைப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல் பாணந்துறையில் ஒரு குரங்கு குதிக்கிறது. இதை நான் தற்செயல் என்று எடுத்துக்கொள்ளவில்லை.

கரண்ட் வந்தபோது பதிலோடு வீட்டுப்பாடமும் வந்தது: தினமும் ஒரு விஷயத்துக்காவது மனைவிக்கு நன்றி சொல்லிப் பாருங்கள். காலைத் தேத்தண்ணியை வாங்கும்போது, "நன்றி" என்றேன். அவள் கோப்பையைப் பிடித்தபடியே நின்று என்னைப் பார்த்தாள். பிறகு விறுவிறென்று உள்ளே போய் அலுமாரியைத் திறந்து நகைப்பெட்டியைச் சரிபார்த்தாள். ஈடு வைத்த துண்டு ஏதும் இருக்கிறதா என்று என் சட்டைப் பையையும் பார்த்தாள். ஒன்றும் அகப்படாததால் அவளுடைய சந்தேகம் கூடியது.

இரகசியத்துக்கு வருவோம். மகள் சொன்ன ‘ஒருத்தருக்கும் தெரியாது’ என்பதை உலகம் முழுவதும் நம்பித்தான் எழுதிக்கொண்டிருக்கிறது. பின்லாந்தில் வஸ்தாமோ என்ற உளச்சிகிச்சை நிறுவனத்தின் கோவைகளை ஒருவன் களவாடி, 2020 ஒக்டோபரில் நோயாளிகளுக்கே நேரடியாக மடல் போட்டான்: 200 யூரோவுக்கு பிட்கொயின் அனுப்பு, இல்லையேல் நீ வைத்தியரிடம் சொன்னதையெல்லாம் ஊரறியப் போடுவேன். இப்படி மிரட்டப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில். அவனுக்கு 2024 இல் ஆறு வருடத்துக்கு மேல் சிறை விழுந்தது. களவே தேவையில்லாத வழியும் உண்டு. எழுத்தில் துணை தரும் பெரிய நிறுவனமான பெட்டர்ஹெல்ப், இரகசியம் காப்போம் என்று சொல்லி வாங்கிய விபரங்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னப்சட் போன்றவற்றுக்குக் கொடுத்தது என்று குற்றஞ்சாட்டி அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2023 இல் அதனிடமிருந்து 78 இலட்சம் டொலர் கட்டும் உடன்பாட்டை வாங்கியது. இதையெல்லாம் வாசித்தபோது எனக்கும் கொஞ்சம் உதறல் எடுத்தது. பிறகு யோசித்தேன். கதிரை போன கதைக்கு 200 யூரோ கேட்டு எவனாவது மடல் போட்டால், என் மனைவி அவனிடம் பேரம் பேசி, அவன் தலையிலேயே ஓர் அறையையும் கட்டிவிடுவாள்.

எழுதினால் மனம் இலேசாகும் என்பதற்கு ஆராய்ச்சிச் சான்றும் உண்டு. ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் மாணவர்களை நாலு நாட்கள், நாளுக்குக் கால்மணித்தியாலம், தங்கள் வாழ்க்கையின் பெருந்துயரத்தைப் பற்றி எழுதச் சொன்னார். உணர்ந்ததையும் நடந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் பிந்திய மாதங்களில் வைத்தியரிடம் குறைவாகப் போனார்கள் என்று 1986 இல் அறிக்கை வந்தது. இதை நான் கடைக்கு வரும் ஒரு காக்காவிடம் சொன்னேன். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது உடுத்த சாரத்தோடு இந்தக் கரைக்கு வந்தவர் அவர். அப்போது வடக்கைவிட்டு வந்தவர்கள் எழுபதாயிரத்துக்கு மேல், பெரும்பங்கு புத்தளம் மாவட்டத்துக்குத்தான். "நீங்களும் எழுதிப் பாருங்க காக்கா" என்றேன்.

"எழுதாமலா?" என்றார். "நிவாரண அட்டைக்கு எழுதினேன். வீட்டுத் திட்டத்துக்கு எழுதினேன். வாக்காளர் இடாப்புக்கு எழுதினேன். புள்ளைட பள்ளிக்கூட அனுமதிக்கு எழுதினேன். பதில்கூட வந்திச்சி. ஒண்டுலயாவது எப்படி இரிக்கிய எண்டு கேக்கல்ல."

அந்த மனுக்களில் பாதியை அவருக்கு எழுதிக் கொடுத்தது நான்தான். எல்லாம் நல்ல மனுக்கள். விடயம், மேற்படி, யாதெனில், ஆவன செய்க. அழுகை வரும் இடத்தில் இணைப்பு இலக்கம் போட்டிருப்பேன். அப்படி எழுதினால்தான் மேசை தாண்டும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அன்று கடையில் தேத்தண்ணிக் காசை நான் கொடுத்தேன். அவர் கொடுக்க விட்டார்.

இனி நடந்ததுதான் பெரிய கதை. எங்கள் வாசல் பலகையில் அறைக்குப் போட்டிருப்பது என் தொலைபேசி இலக்கம். சிம் என் பெயரில் என்பதால் அந்த ஒரு கௌரவம் மட்டும் எஞ்சியிருந்தது. நான் தொழுகைக்குப் போகும் நேரங்களில் மனைவி அதைப் பார்த்து முன்பதிவுகளுக்குப் பதில் போடுவாள். ஒரு ஜும்ஆ நாள் திரும்பி வந்து பார்த்தபோது என் உளவளத்துணையாளரோடு நடந்திருந்த உரையாடல் இது:

"இந்தக் கிழமை நிலைமை எப்படி?"

"இந்தக் கிழமை நிரம்பிட்டு. காத்து நல்லம்."

"நிரம்பிவிட்டது என்கிறீர்கள். எதனால்?"

"ஜேர்மன்காரர் நாலு பேர்."

இந்த இடத்தில் அந்தப் பக்கம் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். நேரத்தைப் பார்த்தால் சில நிமிட இடைவெளி தெரிகிறது. ஆனால் பயிற்சி பெற்ற ஆள் அல்லவா, விடவில்லை.

"அவர்கள் போன பிறகு உங்களுக்கு எப்படி இருக்கும்?"

"வெறிச்செண்டு இருக்கும். மகளும் கொழும்புல. மனுசன் ஒண்டும் பேச மாட்டாரு, கணக்கு மட்டும் எழுதுவாரு. அதால தான் அறைய சும்மா விடுறல்ல. காலைச் சாப்பாடு சேத்துத்தான் வாடகை."

நான் மாதக்கணக்கில் ‘திருப்தியற்ற நிலை’ என்று உருட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு அவள் காலைச் சாப்பாட்டு விலையோடு சேர்த்து நாலு வரியில் போய்விட்டாள். "ஆரெண்டு தெரியாம இதையெல்லாம் ஏன் எழுதின புள்ள?" என்று கேட்டேன்.

"கேட்டாங்க, சொன்னேன்" என்றாள். "நல்ல மரியாதையான ஆள். ஆனா அறை எடுக்கிற யோசனை இல்ல போல."

அன்றிரவே தெளிவுபடுத்தல் கடிதம் அனுப்பினேன். குறித்த தினத்தின் செய்திகள் என்னால் எழுதப்பட்டவை அல்ல என்பதை இத்தால் அறியத்தருகிறேன் என்று. உளவளத்துணையாளர் மிகவும் தன்மையாகப் பதில் எழுதினார். ஒரு கணக்கில் இருவருக்குத் துணை தருவது முறையல்ல, மனைவி விரும்பினால் தனியாகப் பதிந்து வேறொருவரோடு எழுதலாம், அவர் எழுதுவது உங்களுக்குத் தெரியவராது. மகள் அதையும் உடனே செய்துவிட்டாள். மனைவிக்குப் புதுத் தொலைபேசியும் வந்தது. வெள்ளைக்காரர்கள் தூங்கிய பிறகு இப்போது குசினித் திண்ணையில் அவள் உட்கார்ந்து தட்டுகிறாள், நான் தென்னைக்கடியில் உட்கார்ந்து பார்க்கிறேன். சில இடங்களில் தனக்குள் சிரிக்கிறாள். நீண்ட நேரம் எழுதுகிறாள். என்னைப் பற்றி அவ்வளவு நீளமாக எழுதுவதற்கு என்ன இருக்கிறது?

தேத்தண்ணிக் கடையில் விசாரித்துப் பார்த்தேன். அங்கும் யாருக்கும் தெரியவில்லை. கூட்டாளியிடம் சொன்னால் அவர், "அதுக்குத்தான் தட்டி" என்கிறார். மகளிடம் கேட்டேன், கொழும்பில் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டாள்.

வேறு வழியில்லாமல் என் உளவளத்துணையாளருக்கே எழுதினேன். அவர் கேட்டார்: "மனைவி என்ன எழுதுகிறார் என்று தெரியாமலிருப்பது உங்களுக்கு எப்படி இருக்கிறது? அது உடம்பில் எங்கே இருக்கிறது?"

பழக்கம் என்னை விடவில்லை. "மேற்படி உணர்வானது முழங்காலிலிருந்து நெஞ்சுப் பகுதிக்கு இடமாற்றம் பெற்றுள்ளது. இடமாற்றம் தற்காலிகமானதா நிரந்தரமானதா என்பது இதுவரை அறிவிக்கப்படவில்லை" என்று எழுதி அனுப்பினேன்.